லீலா சத்தம் வைக்காமல் பார்த்த சீரியல்

ஆரணியில் லீலாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு சங்கதி சொல்வார்கள். ஒன்று, 'லீலா பட்டு' என்று பெயர் வைத்து, கடை இல்லாமல், போர்டு இல்லாமல், போனிலேயே புடவை விற்று மேலே வந்தவள். இன்னொன்று, சரியான சீரியல் பைத்தியம். முதலாவது சத்தியமான பேச்சு. இரண்டாவதைக் கேட்டால் லீலா உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சிரிப்பை அடக்கத்தான்.

பைத்தியம் என்றவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாயங்காலம் ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தாளானால், வீட்டுக்கு யார் வந்தாலும் தலையாட்டல்தான், பேச்சு கிடையாது. ஒரு கையில் ரிமோட், ஒரு கையில் பென்சில். ஒரே நேரத்தில் நாலு சேனல். ஒரு வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். டக்கென்று அடுத்த வீட்டில் கன்னத்தில் அறை விழும். அதற்குள் மூன்றாவது வீட்டில் நிச்சயதார்த்தம். எந்த வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, சத்தம் வைத்தால்தானே!

வைத்து என்ன பிரயோசனம்? பிறந்த வீட்டில் கூடத்திலேயே தறி. வாக்கப்பட்டு வந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் பவர்லூம். அந்தத் தெருவில் டிவிக்குச் சத்தம் வைப்பது, மழையில் நின்றுகொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. சின்ன வயசிலிருந்தே வாயசைவைப் பார்த்து வளர்ந்தவள், பிறகு வாயையும் விட்டுவிட்டாள். புடவையை மட்டும் பிடித்துக்கொண்டாள். முந்தானை எப்படி, கரை எத்தனை அகலம், உடம்புக்கும் கரைக்கும் என்ன கலர். பென்சில் அதற்குத்தான். அவள் அனுபவத்தில் வில்லி இந்த மாதம் கட்டுவதை ஊர்ப் பெண்கள் அடுத்த மாதம் கேட்பார்கள். நல்லவள் கட்டுவது விற்காது. பாவம், அவள் எப்போதும் வெளிறிப் போன எதையாவது சுற்றிக்கொண்டு அழுதுகொண்டிருப்பாள். ஆனால் அந்த நல்லவளுக்கு வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்து, அன்றைக்கு ஒரு பட்டு கட்டினாளோ, போச்சு! வில்லியின் பத்துப் புடவை அதற்கு முன்னால் நிற்காது.

படிப்பும் இதே லட்சணம்தான். முதல் பக்கம் முழுக்க ஜவுளி விளம்பரம் வந்தால் அன்றைக்கு அவளுக்கு அது பேப்பர். வராவிட்டால் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு அடியில் போய்விடும். வாரப் பத்திரிகைக்கு அட்டை மட்டும். தினசரி காலண்டரை மட்டும் தை மாதமே கடைசித் தாள் வரை படித்து முடிப்பாள், முகூர்த்த நாளுக்காக. பேங்க் மேனேஜர் ஒருத்தர் தொழில் முன்னேற்றம் பற்றி ஒரு தடிமனான புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார். அதைத் தினமும் தவறாமல் எடுப்பாள். போனை அதன் மேல் சாய்த்து வைத்தால் லைவில் புடவை மடிப்பு கச்சிதமாகத் தெரிகிறது.

காதுக்கு வேறு ஒரு பழக்கம். தறிக்காரர்கள் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில்தான் கேட்பாள். கேட்டுக் கேட்டுப் பழகி, தலைத்தறிக்காரன் வேலு நேரில் வந்து பேசினால் இவனுக்கு உடம்புக்கு என்ன என்று சந்தேகம் வந்துவிடும்.

எதிர்வீட்டுக் கமலத்துக்குத்தான் லீலாவோடு பெரிய பேஜார். கமலம் கதைக்காகவே சீரியல் பார்க்கிறவள். வாசலில் லீலாவைக் கண்டால் விடமாட்டாள்.

"இன்னா லீலா, நேத்து பாத்தியா? மாமியாக்காரி பண்ண வேலைய? எனக்கு மனசே ஆறலடி."

"ஆமாக்கா, அந்த வெள்ளி ஜரிகை அவங்களுக்கு எடுக்கவே இல்ல."

கமலம் அவளை ஏற இறங்கப் பார்ப்பாள். காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் சத்தமாக ஆரம்பிப்பாள்.

லீலாவின் வீட்டுக்காரன் குமரேசனுக்குப் பின்கட்டில் சாயப்பட்டறை. பட்டு நூலைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி முக்கி எடுக்கிற வேலை. அதிகம் பேசாத மனுஷன். காலையில் காதில் ஒயரைச் செருகினால் சாயங்காலம்தான் எடுப்பான். பழைய பாட்டு கேட்கிறான் என்று லீலா நினைத்திருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். அவளுக்கு வேலை ஒழியவில்லை.

ஆடி பிறந்த முதல் வாரத்தில்தான் அது கண்ணில் பட்டது. ஏழு மணி சீரியல். அழுமூஞ்சி நாயகிக்கு அன்றைக்கு விடிவு காலம். நடுக்கூடத்தில் மணையில் உட்கார வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு, சுற்றிலும் பெண்கள் நின்று இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். கட்டியிருப்பது வாடாமல்லி உடம்பு, மாம்பழ மஞ்சள் கரை. கரையில் குட்டிக் குட்டி மொக்கு. லீலா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டாள். வளைகாப்பு! நல்லவளுக்கு வளைகாப்பு!

நடுவில் புருஷன் வேறு வந்து சிரித்துவிட்டுப் போனான். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள்தான். அழாமல் எந்தச் சீரியலில் என்ன நடந்திருக்கிறது? மறுநாள் பார்த்தாள், அதே மணை, அதே புடவை. அடுத்த வாரமும் அதே புடவை. சும்மாவா ஒரு புடவையை வாரக்கணக்கில் காட்டுவான்? ஊரே அதைக் கேட்கிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

பொதுவாக ஒரு கலரை ஒரு தறியில் போட்டுப் பார்த்து, விற்றால்தான் அடுத்ததில் போடுவாள். இந்த முறை எட்டுத் தறியிலும் ஒரே கலரில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றினாள். ஆவணியில் வரிசையாக முகூர்த்தம். எவனாவது மோப்பம் பிடித்து முந்திக்கொண்டால்? ஆரணியில் ஒரு டிசைன் வெளியே தெரிந்தால் ஒரு வாரத்தில் ஒன்பது பேர் போடுவார்கள். தறிமேல் துணி போட்டு மூடச் சொன்னாள். எதிர்வீட்டுக்கு மூச்சு விடவில்லை. குமரேசனிடம் கலரை மட்டும் சொல்லி நூலைக் கொடுத்தாள்.

வேலு தலையைச் சொறிந்தான். "எல்லாத் தறியிலும் ஒரே பாவாக்கா? ஏத்திட்டா நடுவுல எறக்க முடியாது. மூணு புடவ நெய்ஞ்சி முடிச்சாத்தான் தறி ஒழியும். பாத்துக்குங்க."

"தெரிஞ்சிதான் சொல்றேன் வேலு. ஆவணி முடியட்டும், நீயே பேசுவ."

வேலுவுக்குப் பயம் இருக்காதா? பெரிய முதலாளி ஒருத்தரிடம் பரம்பரையாக நெய்துகொண்டிருந்தவன். 'உன் தறி ஒரு நாள் சும்மா நிக்காது, நான் பொறுப்பு' என்று லீலா சொன்ன ஒரே வார்த்தைக்காக, அவனும் அவன் சொந்தக்காரர்களும் தறியோடு இவள் பக்கம் வந்தார்கள். இந்தச் சரக்கு தங்கிவிட்டால் அடுத்த பாவுக்கு நூல் வாங்க வழியில்லை. எட்டு வீட்டிலும் தறி நின்றுபோகும். அது வேலுவுக்கும் தெரியும், லீலாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஏற்றச் சொன்னாள் என்றால் அந்தப் புடவை மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆடிக் கடைசியில் அமிர்தா வந்தாள். பெரணமல்லூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஏதோ இணையப் பத்திரிகையில் வேலை. சொந்தமாகத் தொழில் தொடங்கினவர்கள் என்ன படிக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று வாரம் ஒருத்தரைப் பிடித்து எழுதுகிறாளாம். லீவுக்கு ஊருக்கு வந்தவள், அப்படியே லீலாவையும் பார்க்க பஸ் ஏறிவிட்டாள்.

"அக்கா, பொழுது சாயறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டாகணும். எங்க வீட்ல இருட்டினா சாப்பிட மாட்டோம். அதனால ஜல்தியா கேட்டுடறேன். இப்ப என்ன படிச்சிகினு இருக்கீங்க?"

"காலண்டரு."

அமிர்தா எழுதப்போன கையை நிறுத்தினாள். "புத்தகம் மாதிரி ஏதாவது..."

லீலா போனுக்கு அடியிலிருந்த தடிப்புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "அத தெனமும் கையில எடுக்கறேன்மா."

"சரி, என்ன கேப்பீங்க? பாட்காஸ்ட் மாதிரி?"

"வேலுவோட வாய்ஸ் மெசேஜ்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டது லீலாவுக்குத் தெரிந்துவிட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியாதவள் என்றா நினைக்கிறாள்? இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை அந்த ரோஷத்தில் அவிழ்த்துவிட்டாள். சீரியல், மியூட், பென்சில், வில்லி, நல்லவள் எல்லாவற்றையும் சொன்னாள். அமிர்தா வாயைப் பிளந்துகொண்டு எழுதினாள். அதைப் பார்த்ததும் லீலாவுக்குக் குஷி தலைக்கேறி, பீரோவைத் திறந்து, முதல் நாள்தான் தறியிலிருந்து அறுத்து வந்த புடவையை அந்தப் பெண்ணின் மடியில் விரித்தாள்.

"இத பாரு. ஏழு மணி சீரியல். வளைகாப்புப் பட்டுனு பேரு வச்சிருக்கேன். ஆவணி பொறந்ததும் லைவ்ல வுடப்போறேன். எட்டுத் தறியும் இதான் ஓடுது!"

அமிர்தாவின் முகம் சுண்டிவிட்டது. மடியிலிருந்த புடவையைத் தொடாமல் கையைத் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா... இது அருளரசி கட்டினு இருக்கறது."

"யாரோ ஒருத்தி. அந்த அழுமூஞ்சிதான்."

"அது வளைகாப்பு இல்லக்கா. அவ புருஷன் நிலவன் செத்துட்டான். பத்தாம் நாள் காரியம் நடக்குது. கடைசியா ஒரு தரம் பூ வச்சி, வளையல் போட்டு, பொறந்த வீட்டுக் கோடிப் புடவ கட்டி உக்கார வச்சிருக்காங்க. தாலி எடுக்கறதுக்கு. எங்க அம்மா மூணு வாரமா அழுதுகினு இருக்காங்க."

"புருஷன் சிரிச்சானே! நான் பாத்தேனே!"

"அது அவ பழசெல்லாம் நெனச்சிப் பாக்கறா அக்கா."

 அப்போது பின்கட்டு வாசலில் குமரேசன் நின்றுகொண்டிருந்தான். கை முழங்கை வரை வாடாமல்லி. காதிலிருந்த ஒயர் கீழே தொங்கியது.

"அந்தப் புடவையா இது?" என்றான். "அடிப்பாவி, அருளரசி கோடிப் புடவையா? என் கையாலயா சாயம் போட்டேன்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அருளரசிய?"

குமரேசன் தொண்டையைச் செருமினான். "தெனம் கேக்கறேன். போன்ல மறுநாள் போடுவான். பாக்கறதில்ல. அண்டா முன்னால எங்க பாக்கறது? வெறும் கேக்கறதுதான்."

லீலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தி காது இல்லாமல் பார்க்கிறாள், ஒருத்தன் கண் இல்லாமல் கேட்கிறான். ஒரு வார்த்தை பேசியிருந்தால் எட்டுத் தறி பிழைத்திருக்கும். அமிர்தா பேனாவை மூடி, "இத நான் எழுதல அக்கா, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நல்ல பெண்.

அன்று சாயங்காலம் டிவி போடவில்லை. மறுநாள் வேலு வந்தான். எப்படியோ தெரிந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால் லீலா பதிலுக்குப் பேசியிருப்பாள். அவன் கோபப்படவில்லை.

"எம் பொண்டாட்டி புடவைய மடிக்க மாட்டேன்றாக்கா. கண்ணமங்கலத்துல அவ தங்கச்சிகிட்டக் கேட்டிருக்கா போல. தாலியறுப்புப் புடவனு பேரே வச்சிட்டாங்களாம். இன்னும் ரெண்டு புடவ பாவுல இருக்குது. நெய்யட்டா, நிறுத்தட்டா?"

"நெய்யி" என்றாள் லீலா. 

வேலு போன பிறகு அடுப்படியில் சுவரில் சாய்ந்து அழுதாள். தப்பு வேறு யார் தலையிலும் கட்ட முடியாத தப்பு. கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவள் இதைத் தூரத்தில் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவாள். குமரேசன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறுதல் சொல்லத் தெரியாதவன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "நிலவன் நல்லவன்" என்றான்.

"இப்ப அது ரொம்ப முக்கியம்!"

"இல்ல லீலா, எனக்கு மொதல்லருந்தே டவுட்டு. பிரேதத்தோட மூஞ்சியக் காட்டலனு கமலம் சொல்லிகினு இருந்தாங்க. ஆக்சிடென்ட்ல அடையாளம் தெரியலனு துணியில சுத்திக் குடுத்துட்டாங்க. செத்துட்டான்னு சொன்ன டாக்டர் இருக்கானே, அவன் தொண்ட எனக்குத் தெரியும். மாமியாக்காரி போன்ல ஒருத்தன்கிட்ட அப்பப்ப ரகசியம் பேசுவா. ரெண்டும் ஒரே தொண்டதான்."

லீலா மூக்கைச் சிந்தினாள். கதை முழுசாகச் சொல்லச் சொன்னாள். வேறு என்ன செய்வது? குமரேசன் முதலிலிருந்து ஆரம்பித்தான். என்றைக்கும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன், மாமியார் பேசுவது போல மூக்கால் பேசிக் காட்டினான், நிலவன் போல நெஞ்சை நிமிர்த்தினான். நிலவன் செத்த அன்றைக்கு இவனுக்குக் கண் சிவந்ததற்குப் புகை என்று சொன்னதும் பொய்யாம். ஒரு சிட்டம் நூல் அண்டாவிலேயே கருத்துப்போனதற்கும் அதுதான் காரணமாம். லீலா திட்டியிருந்தாள். அதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

"ஆஸ்பத்திரில அவன் கட்டினு போன வேட்டிய ஒரு பையில போட்டுக் குடுக்கறாங்க. அத நெஞ்சோட வச்சிகினு ஒரு அழுக அழுதா பாரு..."

லீலா நிமிர்ந்தாள். "எந்த வேட்டி? கையில வச்சிகினு பாத்துகினே இருந்தாளே, அந்தப் பச்சக் கரையா?"

"கரை எனக்கு எப்பிடித் தெரியும்?"

"பச்சக் கரைங்க! ஒத்தக் கரை, மில்லு வேட்டி. புருஷனுக்குப் பரிசு குடுக்கப் போறா, இவ்ளோ பெரிய வீட்டுல இத்தப்போய்க் குடுக்கறாளேனு நெனச்சேன். அவன் கட்டினு போனது அது இல்ல! வாசல்ல நின்னு கையாட்டினான் பாருங்க, அன்னிக்கிக் கட்டியிருந்தது மயில்கண் கரை! நான் வரைஞ்சே வச்சிருக்கேன்!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் சாகல" என்றான் குமரேசன்.

"சாகல" என்றாள் லீலா. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கோ சென்னையில் எவனோ எழுதுகிற கதையில் எவனோ ஒருத்தன் உயிரோடு இருக்கிறான் என்பதில் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்றால், எட்டுத் தறியில் பாவு ஏற்றிப் பார்த்தால் தெரியும்.

ஆவணி பிறந்தது. லைவ் போடாமல் முடியாது. தடிப்புத்தகத்தில் போனைச் சாய்த்து, புடவையை விரித்தாள். விரித்ததுதான் தாமதம், கீழே மெசேஜ் கொட்டியது. 'ஐயோ அருளரசி புடவை.' 'இதையா கல்யாணத்துக்குக் கட்டுவாங்க, மனசாட்சி இல்லையா?' 'அக்கா உங்களுக்கு என்ன ஆச்சு?' லீலா மற்ற நாளில் பத்துப் பேச்சு பேசிச் சமாளிக்கிறவள். அன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"ஆமாம்மா, தப்புப் பண்ணிட்டேன். நான் சீரியல சத்தம் இல்லாமத்தான் பாப்பேன். புடவைய மட்டுந்தான் பாப்பேன். பூ வச்சி வளையல் போட்டாங்களா, வளைகாப்புனு நெனச்சிகினு எட்டுத் தறிலயும் ஏத்திட்டேன். சிரிக்கறதா இருந்தா சிரிச்சிக்குங்க."

சிரித்தார்கள். சிரிப்புப் பொம்மையாக வந்து குவிந்தது. அப்போது படத்தில் தெரியாமல் ஓரமாக நின்றிருந்த குமரேசன், என்றைக்கும் லைவ் பக்கம் வராதவன், சத்தமாகச் சொன்னான்: "நிலவன் சாகல!"

யார் அது, யார் அது என்று கேட்டுப் போன் அதிர்ந்தது. லீலா கையைப் பிடித்து இழுத்து அவனை முன்னால் நிறுத்தினாள். தொண்டையை அவன் சொன்னான், வேட்டியை இவள் சொன்னாள். பென்சிலில் வரைந்த மயில்கண் கரையைப் போனுக்கு நேராகக் காட்டினாள். பார்க்கிறவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள், பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி பழைய எபிசோடைத் தேடி எடுத்து, வேட்டி மயில்கண்தான் என்று சத்தியம் செய்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் புடவை ஒன்றுகூட விற்கவில்லை. கடைசியில் செய்யாறிலிருந்து ஒரு அம்மாள் எழுதினாள்: 'நிலவன் திரும்பி வந்தா என் பொண்ணு கல்யாணத்துக்கு இதே புடவை ஒண்ணு எடுத்து வைங்க. வரலன்னா வேணாம்.' அதைப் பார்த்து இன்னொருத்தி, 'எனக்கும். வந்தா மட்டும்.' அப்புறம் வரிசையாக அதே பேச்சு. அமிர்தாவின் அம்மா இரண்டு கேட்டாள்.

வந்தால் மட்டும். நிலவன் வந்தால் எல்லாப் புடவையும் போய்விடும். வராமல் தாலியில் கை வைத்துவிட்டார்கள் என்றால் ஒன்றுகூடப் போகாது. இப்படி ஒரு வியாபாரம் ஆரணியில் எந்த முதலாளியும் செய்ததில்லை.

அந்த வாரம் முழுக்க ஏழு மணிக்கு லீலா சேனலே மாற்றவில்லை. சீரியல்காரன் என்ன லேசுப்பட்டவனா? ஒரு கிழவியின் கை தாலிப் பக்கம் போகும்; அப்படியே நிற்கும்; பழைய நினைவு; விளம்பரம்; தொடரும். மறுநாள் கை மறுபடி கிளம்பும். நாலு நாளாக அந்தக் கை வந்து சேரவில்லை. "கைய இன்னும் கொஞ்சம் மெதுவா நீட்டேண்டி" என்று கமலம் வாசலில் நின்று டிவியைக் கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது, இரண்டு பக்கமும் பவர்லூம் நின்றுவிட்டது. லீலா பதறிப்போய் வெளியே வந்தாள். வேலு தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

"கரண்டு போச்சா வேலு?"

"இல்லக்கா. நான்தான் அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். இன்னிக்கி நீங்க சத்தம் வச்சிப் பாருங்க."

உள்ளே வந்து லீலா சத்தத்தை வைத்தாள். குமரேசன் கையைக் கழுவிவிட்டு வந்து, காதில் ஒயர் இல்லாமல், டிவிக்கு நேராக உட்கார்ந்தான். அருளரசி இப்படியா இருப்பாள் என்று ஆச்சரியப்பட்டான். அவன் மனசில் இன்னும் ஒல்லியாக இருந்தாளாம். லீலாவோ அவள் குரலைக் கேட்டு ஆடிப்போனாள். இவ்வளவு நாள் சும்மா வாயைத் திறந்து மூடுகிற ஒருத்தி. இப்போது, "ஒரே ஒரு தரம் வாசலைப் பார்த்துக்கறேன், அதுக்கப்புறம் எடுத்துக்குங்க" என்று அந்தக் கிழவியிடம் கெஞ்சினாள். அந்தக் குரல் நேராக வந்து லீலாவின் நெஞ்சில் இறங்கியது. கிழவியின் கை தாலியைத் தொட்டது. குமரேசன் லீலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வாசலில் நிழல் ஒன்று விழுந்தது. தாடி, கட்டு, நொண்டிக் கால். கீழே மயில்கண் கரை.

"அரசி" என்றான் வந்தவன்.

தெருவே ஓவென்று கத்தியது. கமலம் அழுத சத்தம் தனியாகக் கேட்டது. கேமரா அருளரசியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாடாமல்லியும் மாம்பழ மஞ்சளும் மணை மேல் ஜொலிஜொலித்தன. லீலா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நிலவனுக்காகவா, தறிக்காகவா, அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் குமரேசனும் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

தடிப்புத்தகத்தின் மேலிருந்த போன் அலற ஆரம்பித்தது. 'வந்துட்டான் அக்கா!' 'எனக்கு ஒண்ணு!' 'எனக்கு எடுத்து வச்சாச்சா?' வாசலில் வேலு, "அக்கா! போன எடுங்கக்கா!" என்று கத்தினான்.

லீலா எடுக்கவில்லை. குமரேசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத்தினி வருசமா இப்பிடித்தான் பின்கட்டுல தனியா நின்னு அழுதுகினு இருந்தீங்களா?"

குமரேசன் துண்டால் மூக்கைத் துடைத்தான். "கூட அழ ஆள் இல்லையே. இன்னா பண்றது?"

லீலாவுக்கு மறுபடியும் அழுகை பொங்கியது. நகர்ந்து அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அடிக்கட்டும்" என்றாள். "ஏழரைக்கு ஒண்ணு போடுவானே. அதுல யாரு நல்லவ, யாரு கெட்டவ? மொதல்லருந்து சொல்லுங்க."